சிவப்பு விழுந்த பக்கங்கள்

றொசல்ல,
23.02.2025

அன்பின் ஊர்மிளாவுக்கு,

கிருஷாந்தி எழுதுகிறேன். நானும் மதுரனும் சின்னவளும் சுகம். உன் அம்மாவும் சுகம்; முந்தாநாள்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன் சுகத்தை வேறு யாரிடம் கேட்பதென்று தெரியாமல் உன்னிடமே கேட்டு இதை எழுதுகிறேன்.

பொங்கலுக்குப் பிறகு நான் அனுப்பிய எதற்கும் நீ பதில் போடவில்லை. கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. அம்மாவுக்கு மட்டும் எப்போதாவது ஒரு குரல் பதிவு அனுப்புகிறாயாம், "நல்லா இருக்கேம்மா, படிப்புதான் கூடுதலா இருக்கு" என்று. அம்மா அதை எனக்கும் போட்டுக் காட்டினார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் அறை முகவரியை மட்டும் வாங்கி வந்தேன். தாளில் எழுதினால் பாதியில் வைத்துவிட்டுப் போக மாட்டாள், முழுக்க வாசிப்பாள் என்று மதுரன் சொன்னார். ஹட்டன் தபால் கந்தோரில் இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் என்றதும் கவுண்டரில் இருக்கிற நோனா என்னை ஏற இறங்கப் பார்க்கப் போகிறார். பார்க்கட்டும்.

எனக்கு இங்கே ஒரு பெரிய அவமானம் நடந்தது. அதைச் சொன்னால் முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் நீ ஒருத்திதான்.

கண்டியில் ஓர் ஆயத்த வகுப்பு தொடங்கியது. நம்மைப் போன்ற தாதிமார், மருந்தாளர்கள், ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்கள் என்று சுகாதாரத் துறையில் இருந்துகொண்டு முதுமாணிப் படிப்புக்குப் போக விரும்புகிறவர்களுக்கானது. சனி, ஞாயிறு வகுப்பு. ஆவணி வரை நடக்கும். அதில் தேறினால்தான் முதுமாணிக்கு எடுப்பார்கள். நீ மாஸ்டர்ஸ் படிக்கப் போனதிலிருந்தே எனக்கும் அந்த ஆசை இருந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வேலை நேர முறையை மாற்றித் தரச் சொல்லி வார்ட்டில் எல்லோரையும் கெஞ்சி, விண்ணப்பித்து, இடமும் கிடைத்துவிட்டது.

முதல் வேலை இதுதான். ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதைப்பற்றி மற்றவர்கள் எழுதியதை வாசித்து, ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதித் தர வேண்டும். நான் நம் தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் பிரஷரை எடுத்துக்கொண்டேன். இணையத்தில் தேடித் தேடி நல்ல நல்ல கட்டுரைகளாக எடுத்தேன். எழுத்துப் பிழை ஒன்றில்லாமல், ஒரு கமா தவறாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, இதைவிட நன்றாக யாரும் செய்திருக்க முடியாது என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை விரிவுரையாளர் ரோகினி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறார். நம் வயதுதான் இருக்கும். கணினியில் என் நாலு பக்கமும் திறந்திருந்தன. மேலிருந்து கீழ்வரை சிவப்பு. இடையிடையே வெள்ளையாக இரண்டு மூன்று சொற்கள்.

"இதில சிவப்பா இருக்கிறதெல்லாம் வேற ஆக்கள் எழுதினது. உங்கட வசனம் எங்க கிருஷாந்தி?" என்று கேட்டார்.

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எல்லாம் நல்ல எடத்துலருந்து எடுத்ததுதான் மேடம். ஒரு எழுத்துக்கூட மாத்தல" என்றேன். பெருமையாகவே சொன்னேனடி! அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மற்றவர் எழுத்தைத் தன் எழுத்துப் போலக் கொடுப்பதற்குத் திருட்டு என்று பெயர், மேற்படிப்பில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை, குழுவுக்கு அறிவிக்காமல் விட முடியாது, வகுப்பில் நான் இருப்பதா இல்லையா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திருட்டு. நம் லயத்து வீட்டு வரிசையில் அந்தச் சொல் ஒரு வீட்டு வாசலில் விழுந்தால் அந்த வீட்டுக்காரர்கள் தண்ணி பிடிக்கப் பீலிக்குக்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போவார்கள். நான் ஒரு நோயாளியின் வாழைப்பழத்தைக்கூடத் தொட்டதில்லை. பஸ்ஸில் வரும்போது ரோகினி மேடத்தோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். நமக்கு யார் வேறு விதமாகச் சொல்லித்தந்தார்கள்? பள்ளிக்கூடத்தில் சேர் கரும்பலகையில் எழுதுவார். அதை அப்படியே எழுதினால் முழுப் புள்ளி. ஒரு சொல்லை மாற்றினால் ஒரு புள்ளி குறையும். தாதியர் கல்லூரியிலும் அப்படித்தானே? ஆங்கில நோட்சை நீ பார்க்க, நான் பார்க்காமல் ஒப்புவித்து, ஒரு வரி தவறினால் முதலிலிருந்து தொடங்கினோம். மாற்றாமல் எழுதுவதைத்தான் நாம் நேர்மை என்று நினைத்திருந்தோம்.

குழுவில் மூன்று பேர். இதையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். சிங்கள டொக்டர் ஒருவர் நடுவில் இருந்தார். அவர் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நோயாளியின் கட்டில் அட்டையில் பிரஷர் எழுதும்போது, உங்களுக்கு முன்னால் வேலையில் இருந்த தாதி எழுதியதைப் பார்த்து எழுதுவீர்களா என்று. எனக்கு வந்த கோபத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். ஒருக்காலும் இல்லை, முன்னால் இருக்கிறதைப் பார்ப்பேன், ஆனால் நானே அளந்து, நான் கண்டதைத்தான் எழுதுவேன், என் கையெழுத்தையும் வைப்பேன் என்றேன். என் வாயிலிருந்து வந்தது என் காதிலேயே விழ எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மெல்ல உட்கார்ந்தேன்.

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். முதலிலிருந்து திரும்ப எழுத வேண்டும். இன்னொரு முறை நடந்தால் வெளியே. வருகிற வழியில் கினிகத்தேனையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். இறங்கி ஒரு பிளேன்டீயும் ஒரு ரோல்சும் சாப்பிட்டேன். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசி என்று ஒன்று வந்தது.

தீபாவளிக்குப் பேசியபோது நீ சொன்னாய்: "வாசிச்சா வெளங்குதுடி, எழுத ஒக்காந்தா கை மரத்துப் போகுது." அது என்னவென்று எனக்கு இப்போது விளங்குகிறது.

ஊர்மிளா, நீ அங்கே எப்படி இருந்தாலும் சரி. ஒரு வரி எழுது. எழுத முடியாவிட்டால் வெறும் தாளையாவது உறையில் போட்டு அனுப்பு. உன் கையெழுத்தில் என் முகவரி இருக்கும் அல்லவா, எனக்கு அது போதும்.

என்றும் உன்,
கிருஷாந்தி


றொசல்ல,
18.05.2025

அன்பின் ஊர்மிளா,

உன் கடிதம் வந்தது. வெறும் தாளை எதிர்பார்த்தவளுக்கு ஆறு பக்கம்! உறையைப் பார்த்ததுமே நெஞ்சு இளகிவிட்டது. உள்ளே இருந்ததை வாசித்த பிறகும் அந்த நிம்மதி போகவில்லை என்று சொன்னால் நீ நம்ப வேண்டும். என்னவோ ஏதோ என்று நான் கற்பனை செய்து வைத்திருந்ததோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

இரண்டு கட்டுரை தவறியது. அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகாதது. முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டு வந்து அறையில் சுருண்டு படுப்பது. பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற மின்னஞ்சல்களைத் திறக்காமலே வைத்திருப்பது. அவ்வளவுதானே. ஆள் முழுசாக இருக்கிறாய். எனக்கு உன்மேல் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. நாலு பக்கமும் சிவந்துபோன ஒருத்தி உன்மேல் இரக்கப்பட முடியுமா? அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நான் சொல்ல மாட்டேன். அது உன்னுடையது.

"நீ பெறகு என்னா செஞ்ச?" என்று கேட்டிருக்கிறாய் அல்லவா, அதைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை. வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி எழுதுவேன், இது யாருடையதோ என்று பயந்து அழித்துவிடுவேன். கடைசியில் ரோகினி மேடத்திடம் போய், நின்றுவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன். அவர் ஒரு கட்டுரையைக் கையில் தந்து வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும் பறித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப எனக்குத் தமிழில சொல்லுங்கோ. என்ன விளங்கினது?" என்றார். சொன்னேன். "இவை சொல்லுறதை நீங்கள் நம்புறீங்களோ?" என்று கேட்டார். அச்சில் வந்ததை நம்புவதா இல்லையா என்று யாராவது நம்மிடம் கேட்டிருக்கிறார்களா? நான் யோசித்து, இவர்கள் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஆட்களை மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்கே வராதவர்களைப் பற்றி இவர்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அவர் மேசையில் தட்டி, "இதுதான் உங்கட முதல் வசனம், எழுதுங்கோ" என்றார். அதைத் தமிழிலேயே எழுதினேன். பிறகு ஆங்கிலத்தில் போட்டேன். பாவப்பட்ட ஆங்கிலம்தான். ஆனால் அன்றைக்கு அதைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது சிவப்பே விழவில்லை. தானும் முதல் வருடம் இப்படித் தமிழில் எழுதித்தான் தப்பிப் பிழைத்ததாக அவர் பிறகு சொன்னார். தன்னோடு படித்தவர்களிடம்கூட அதைச் சொன்னதில்லையாம்.

வகுப்பில் லக்ஸ்மன் என்று ஒருவர் இருக்கிறார். பூண்டுலோயாவில் மருந்தாளர். கணக்கில் புலி. ஆனால் எழுந்து நின்று பேசச் சொன்னால் கழுத்தெல்லாம் வியர்க்கும். எனக்குப் புள்ளிவிபரம் என்றாலே தலை சுற்றும். ஆகவே நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். மதிய இடைவேளையில் அவர் எனக்குக் கணக்குச் சொல்லித் தருவார். நான் அவரைப் படிக்கட்டில் நிற்க வைத்துப் பேச வைப்பேன். சராசரி என்றால் என்னவென்று நம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தை வைத்தே சொல்லித்தந்தார். "ஒருத்தி நெறைய எடுக்குறா, இன்னொருத்தி கொஞ்சமா எடுக்குறா. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கிச் சொன்னா, அந்தக் கணக்குல கொழுந்து எடுத்தவ மலையில ஒருத்தியுமே இல்லியே. அதனால சராசரியப் பாத்ததும் அதுக்குப் பின்னால யாரு நிக்கிறானு தேடணும்" என்றார். ஒரு நாள் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் மறந்துபோய், "மன்னிக்கணும், திரும்ப ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லி மறுபடி ஆரம்பித்தார். உலகம் இடிந்து விழவில்லை. அதை அவரே ஆச்சரியமாகச் சொன்னார்.

இப்போது முக்கியமான விஷயம். நேர்காணல் செய்யப் பழக வேண்டும் என்றார்கள். எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டரிடம் அனுமதி வாங்கி, கிளினிக்குக்கு வருகிற, பிரஷர் குறையாத சில பெண்களிடம் சம்மதம் கேட்டுப் பேசினேன். முதல் நேர்காணலைப் பதிவில் போட்டுக் கேட்டபோது வெட்கமாகப் போய்விட்டது. முழுக்க என் குரல்தான். "பிரஷர் குளுச ஒழுங்காப் போடுறீங்களா? உப்பு கொறைக்கணும்னு தெரியுமா?" அவர் "ஆமா", "தெரியும்" என்பதோடு சரி. அது நேர்காணல் இல்லை, வார்ட்டில் நாம் போடுகிற சத்தம். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடுங்கள், அவர் பேசாவிட்டாலும் நீங்கள் பேசாதீர்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். என்னைப் போய்ச் சும்மா இருக்கச் சொன்னால்!

அடுத்து வந்த அக்காவிடம், "காலையில எந்திரிச்சதுலருந்து உங்களுக்கு ஒரு நாள் எப்பிடிப் போகுது, சொல்லுங்கக்கா" என்று மட்டும் கேட்டேன். அவர் கொஞ்சம் சொன்னார். நின்றார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அந்த வெள்ளக் குளுசையக் காலையில போட்டுக்கிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போனா, ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒண்ணுக்கு வருது மிஸ்ஸி. மலையில கக்கூசு ஏது? கீழ ஆம்பளைங்க மண்ணக் கிண்டி முள்ளுக் குத்திக்கிட்டு நிப்பாங்க, மேல கங்காணி. எங்கப் போயி ஒதுங்குறது? அதான் வேலை நாள்ல போடுறதில்ல. கிளினிக்குக்கு வர்ற அன்னைக்கு மட்டும் போட்டுக்கிட்டு வர்றேன். டொக்டர் ஏசுவாருன்னு சொல்லல."

அவர் பெயரை நான் எழுத மாட்டேன். பேட்டி தந்தவர் யாரென்று வெளியே சொல்லக்கூடாது என்பதும் இப்போது படித்த பாடம்தான். நீ யூகித்தாலும் என்னிடம் சொல்லாதே. அதற்குப் பிறகு பேசியவர்களில் இன்னும் சிலர் கிட்டத்தட்ட இதையே சொன்னார்கள். வேறு சிலர் சொல்லவில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறேன். நம் விருப்பத்துக்கு ஒத்து வருகிறதை மட்டும் பொறுக்கக்கூடாது.

வெசாக்குக்குச் சின்னவளைக் கூட்டிப்போய் ஹட்டனில் காகித விளக்குக் கூடுகள் பார்த்தோம். மழையில் பாதி நனைந்துவிட்டன. மதுரன் இப்போது சனி, ஞாயிறுகளில் சமைக்கிறார். ரொட்டி பரவாயில்லை. பருப்பைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதத்தின் நல்ல மனநிலை கெட்டுவிடும்.

ஊர்மிளா, நான் கேட்பது ஒன்றே ஒன்று. எல்லா மின்னஞ்சலையும் திறக்க வேண்டாம். கடைசியாக வந்த ஒன்றை மட்டும் திற. தனியாக இருக்கும்போது திறக்காதே. அந்த இல்லத்தில் உன்னோடு வேலை செய்கிற கானா நாட்டுப் பெண்ணைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறாய், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திற. உள்ளே என்ன இருந்தாலும் எனக்கு எழுது.

உனக்கு நல்லது நடக்கட்டும் என்று நேற்று கோயிலில் கேட்டேன். எனக்காகவும் கேட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
கிருஷாந்தி


றொசல்ல,
07.09.2025

என் அன்பு ஊர்மிளாவுக்கு,

முதலில் உன் செய்தியைப் பற்றி. "அவங்க என்னையத் தேடியிருக்காங்கடி, நான்தான் ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மதுரனுக்கும் வாசித்துக் காட்டினேன். தவறின இரண்டு கட்டுரைகளையும் திரும்ப எழுத இடம் இருக்கிறது என்று அவர்கள் பங்குனியிலிருந்தே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்றால் பாரேன். ஒன்றில் தேறிவிட்டாய் என்றதும் நான் வார்ட் என்றும் பார்க்காமல் சத்தம் போட்டுவிட்டேன். பதினொன்றாம் கட்டில் ஆச்சி தனக்குத்தான் ஏதோ நல்ல செய்தி என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நீ அனுப்பிய முதல் பக்கத்தை வாசித்தேன். மூன்றாம் பத்தியில் ஒரு கட்டுரையை எடுத்துப் போட்டு மறுத்திருக்கிறாயே, அந்த இடம் எனக்குப் பிடித்தது. அதற்கு முன்னால் இருக்கிற பத்தி சுற்றி வளைக்கிறது. வெட்டு. எனக்குப் புரியாத இடங்களில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. தாதியர் கல்லூரியில் என் தாள்களுக்கு நீ போட்ட கோடுகளை நான் மறக்கவில்லை.

இப்போது என் செய்தி. என்னை எடுத்துவிட்டார்கள். தையில் முதுமாணி தொடங்குகிறது. லக்ஸ்மனையும் எடுத்துவிட்டார்கள்.

அந்த நாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. ஆளுக்கொரு ஆய்வுத் திட்டத்தை எழுதி, குழுவுக்கு முன்னால் பேச வேண்டும். அதே சிங்கள டொக்டர், ரோகினி மேடம், கொழும்பிலிருந்து வந்த வயதான பேராசிரியர் ஒருவர். எனக்கு முன்னால் லக்ஸ்மன் போனார். நடுவில் ஒரு தடவை நின்றுவிட்டாராம். "திரும்ப ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாராம். வெளியே வந்தபோது கழுத்து வியர்த்துத்தான் இருந்தது, முகம் மட்டும் சிரித்தது.

நான் பேசினேன். ஆங்கிலம் ஒன்றிரண்டு இடத்தில் நொண்டியது. மலையில் வேலை செய்கிற பெண்கள் நீர் போகிற குளிசையை ஏன் விடுகிறார்கள் என்று அறிவதற்கான திட்டம் என்று சொன்னதும், பேராசிரியர் இடைமறித்து, அப்படியானால் குளிசையை மாலைக்கு மாற்றிவிட்டால் முடிந்தது, இதற்கு ஓர் ஆய்வு எதற்கு என்று கேட்டார். அதை நானும் முதலில் நினைத்திருந்தேன். பெரிய டொக்டரிடமும் கேட்டிருந்தேன். பெண்களிடமும் கேட்டிருந்தேன். ஆகவே சொன்னேன்: பல லயங்களில் கக்கூஸ் வீட்டுக்கு வெளியே, தள்ளி இருக்கிறது, குளிர், மழை, சில தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் வேறு, இரவில் மூன்று தடவை எழுந்து போக வேண்டும் என்றால் அதையும் விட்டுவிடுவோம் என்கிறார்கள் என்று. அவர் சரி என்று தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்கும்போதுதான் அந்தச் சிங்கள டொக்டர் கேட்டார். இவர்களுக்குப் பிரஷர் குறையாததற்கு இந்தக் குளிசையை விடுவதுதான் காரணம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உப்பு இருக்கலாம், வேலைப் பளு இருக்கலாம், பரம்பரையாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாமே என்று.

ஊர்மிளா, என் தலைக்குள் ஒன்றும் இல்லை. பழைய கிருஷாந்தியாக இருந்தால் எங்கேயோ வாசித்த ஒரு வரியை இழுத்துப் போட்டிருப்பேன். வாய்க்குள் அப்படி ஒரு வரி வந்தும் விட்டது. அதை விழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியாது" என்றேன். ரோகினி மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். நான் தொடர்ந்தேன். இந்த ஆய்வால் அதைச் சொல்ல முடியாது, ஏன் விடுகிறார்கள் என்பதை மட்டும்தான் இதனால் சொல்ல முடியும்; அதுதான் காரணமா என்று அறிய வேண்டுமானால் வேறு மாதிரி ஓர் ஆய்வு வேண்டும், அதை எப்படிச் செய்வதென்று இன்னும் படிக்கவில்லை, படிக்கத்தான் இங்கே வருகிறேன் என்றேன்.

அவர் சிரித்தார். சிங்களத்தில், இதைச் சொல்கிற ஆளைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தோம் என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். ரோகினி மேடம் பின்னாலேயே வந்து ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தந்து, "எனக்கு நெஞ்சு அடிச்ச அடி உங்களுக்குக் கேட்டிருக்கும்" என்றார். இரண்டு பேரும் பைத்தியக்காரிகள் மாதிரிச் சிரித்தோம். அன்றைக்கு மதுரனும் சின்னவளும் றொசல்ல ஸ்டேசனில் குடையோடு நின்றார்கள். முடிவு அப்போது தெரியாது. ஆனாலும் ரயிலை விட்டு இறங்கும்போதே என் உடம்பு லேசாக இருந்தது. எடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். கடிதம் வந்த பிறகு அந்த நினைப்பு பொய் என்று தெரிந்தது. எடுத்ததில் அவ்வளவு சந்தோசம்.

இன்னொன்று. பெரிய டொக்டர் இப்போது கிளினிக்கில் சிலருக்கு வேறு குளிசை கொடுத்துப் பார்க்கிறார். என்னிடம் பேசிய அந்த அக்கா போன கிழமை வந்தார். அளந்தேன். கொஞ்சம் குறைந்திருந்தது. அது குளிசையால்தானா என்று எனக்குத் தெரியாது, பார்த்தாயா! ஆனால் அவர் கதவைப் பார்க்காமல் பேசினார்.

இனி உன் அம்மாவைப் பற்றி. போன ஞாயிற்றுக்கிழமை நான் எடுபட்ட செய்தியைச் சொல்ல இனிப்போடு போனேன். அம்மா என் தலையைத் தடவி, ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. நான் உள்ளே போனேன். அம்மா திரும்பாமலே சொன்னார்: "ஊர்மிளாவுக்கு அங்க என்னமோ சொகமில்லாமப் போயிருக்கு கிருஷாந்தி. தைலருந்து அவ கொரல்ல சத்து இல்ல. நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா? இப்பத்தான் கொஞ்சம் தெளிஞ்சு வருது. நீ அவகிட்டப் பேசிக்கிட்டு இருக்கனு தெரியும். ஒண்ணும் சொல்ல வேணாம். படிப்பு போனாப் போகட்டும். புள்ள சாப்புடுதானு மட்டும் கேட்டுச் சொல்லு."

நான் உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். சாப்பிடுகிறாள் அம்மா என்று மட்டும் சொன்னேன். அம்மா அதற்கு, "அது போதும்" என்றார். பிறகு, உனக்குப் பிடிக்கும் என்று ஊறுகாய் போட்டு வைத்திருப்பதாகவும் அங்கே போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லும்படியும் சொன்னார்.

நீ எப்போது, எப்படிச் சொல்வாயோ, அது உன் இஷ்டம். எல்லாம் முடிந்து பட்டம் வாங்கிய பிறகு சொல்லலாம் என்று நீ எழுதியிருந்ததும் எனக்கு விளங்குகிறது. ஆனால் குரல் பதிவு வேண்டாம். ஒரு தடவை நேராகவே போனில் கூப்பிடு. படிப்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அன்றைக்கு என்ன சமைத்தாய் என்று சொல். அம்மா ஏதாவது கேட்பார், நீ பதில் சொல்வாய். அப்படியே கொஞ்ச நேரம் போகட்டும்.

முருகன் உன்னோடு இருக்கட்டும். குளிர் தொடங்கப் போகிறது, காதை மூடிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மலையில் வேலை இல்லை. காலையிலிருந்து வீட்டில்தான் இருப்பார்.

உன்,
கிருஷாந்தி